எடை நிற்கட்டும், உயரம் வளரட்டும்

வாசகர் கடிதம்:

"டாக்டர், என் மகனுக்கு 9 வயது. பள்ளியில் பரிசோதனை செய்து, '132 செ.மீ., 38 கிலோ, உடல் பருமன், மருத்துவரைப் பார்க்கவும்' என்று ஒரு சீட்டு கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். நான் வீடு திரும்ப இரவு எட்டு மணி ஆகிவிடும். நாங்கள் இருப்பது மாடியில் ஒரே அறை. கீழே இறங்கினால் ஒரே வண்டிமயம். அதனால் பள்ளி விட்டு வந்ததும் மாமியார் கதவைச் சாத்திப் பிள்ளைகளை உள்ளேயே வைத்துக்கொள்வார். இவன் செல்போன் பார்ப்பான், எதையாவது கொறிப்பான், பாட்டில் பானம் குடிப்பான். 4 வயது மகள் ஒல்லிக்குச்சி. இருவருக்கும் ஒரே சமையல்தான். மாதக் கடைசியில் நாங்களே அளந்து சாப்பிடுகிறவர்கள். எங்கள் வீட்டில் எப்படி ஒரு குண்டுப் பிள்ளை என்று புரியவில்லை. வகுப்பில் 'பீப்பாய்' என்று கூப்பிடுகிறார்களாம். இரண்டு நாளாகப் பள்ளிக்குப் போக மாட்டேன் என்று அழுகிறான். இரவுச் சாப்பாட்டை நிறுத்திவிடலாமா? தெரிந்தவர் ஒருவர் எடை குறைக்கும் பவுடர் தருவதாகச் சொல்கிறார். நான் எங்கே தவறு செய்தேன்?"

அம்மா, அவசரமான இரண்டு கேள்விகளை முதலில் முடித்துவிடுகிறேன். இரவுச் சாப்பாட்டை நிறுத்தாதீர்கள். பவுடரை வாங்காதீர்கள். அதில் என்ன கலந்திருக்கிறது என்று விற்பவருக்கே தெரியாது. வளரும் பிள்ளையின் வயிற்றில் அதைச் சோதித்துப் பார்க்க வேண்டாம். 'எங்கே தவறு செய்தேன்' என்று கடைசியில் ஒன்று கேட்டிருக்கிறீர்களே, அதற்குத்தான் பதில் நீளும்.

முதலில் அந்தச் சீட்டை எடுத்துக்கொள்வோம். 38 கிலோவை 1.32 மீட்டரால் ஒருமுறை வகுத்து, வந்ததை மறுபடியும் 1.32-ஆல் வகுத்தால் 21.8 வரும். இதுதான் பி.எம்.ஐ., அதாவது உயரத்தோடு ஒப்பிட்டு எடையைக் காட்டும் எண். பெரியவர் ஒருவருக்கு 21.8 என்றால் கவலையே இல்லை. பிள்ளைகளுக்கு அப்படிப் பார்க்க முடியாது. வயதைப் பொறுத்தும், பையனா பெண்ணா என்பதைப் பொறுத்தும் கோடு நகரும். உலக சுகாதார நிறுவனம் 2007-ல் வெளியிட்ட அட்டவணைப்படி 9 வயதுப் பையனுக்கு நடு அளவு 16. சுமார் 18-ஐத் தாண்டினால் கூடுதல் எடை, 20.5-ஐத் தாண்டினால் பருமன். ஆக, பள்ளியில் எழுதியது தப்பில்லை. ஆனால் இந்தக் கணக்கைப் போட்டவர் மருத்துவரே அல்ல. 19-ஆம் நூற்றாண்டில் பெல்ஜியத்தில் வாழ்ந்த அடால்ஃப் கெட்லே என்ற கணித அறிஞர், மனிதக் கூட்டத்தின் சராசரியைத் தேடிப் போட்ட கணக்கு இது. ஒரு தனிப் பிள்ளையின் உடம்பைப் பற்றி இது ஒரு தட்டு தட்டிக் காட்டும், அவ்வளவுதான். மீதியை மருத்துவர் கையால் தொட்டு, பெற்றோரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இப்போது நான் சொல்லப்போவதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். உங்கள் மகன் ஒரு கிலோகூடக் குறைய வேண்டியதில்லை.

இந்த வயதுப் பிள்ளைகள் வருடத்துக்கு 5, 6 செ.மீ. வளர்வார்கள். அடுத்த வருடம் அவன் 137 செ.மீ. இருப்பான் என்று வைத்துக்கொள்வோம். எடை இதே 38 கிலோவில் நின்றால் அவன் பி.எம்.ஐ. 20.2 ஆகிவிடும். அப்போது அவனுக்கு 10 வயது. பருமனுக்கான கோடும் 21.4-க்கு நகர்ந்திருக்கும். கோட்டுக்குக் கீழே வந்துவிட்டான், பார்த்தீர்களா? 2 கிலோ கூடி 40 ஆனால்கூட 21.3தான். வளரும் பிள்ளைக்கு மட்டும் கிடைக்கிற சலுகை இது. எனக்கோ உங்களுக்கோ கிடையாது, நாம் உயரப்போவதில்லை. ஆகவே வேலை எடையைக் குறைப்பதல்ல. அதன் வேகத்தைக் குறைத்துவிட்டு, உயரம் வந்து சேரக் காத்திருப்பது. பருமன் இதைவிட மிக அதிகமாக உள்ள பிள்ளைகளுக்கும், வளர்ச்சி முடியும் தறுவாயில் இருக்கும் பெரிய பிள்ளைகளுக்கும் மருத்துவர் கண்காணிப்பில் எடையைக் குறைக்கத்தான் வேண்டியிருக்கும். உங்கள் மகன் அந்த இடத்தில் இல்லை.

சரி, தவறு யாருடையது?

நான் புதிதாகப் பயிற்சி முடித்து வந்த நாட்களில் இந்தக் கேள்விக்குப் பட்டென்று பதில் சொல்லிவிடுவேன். உங்களைப் போலவே வேலைக்குப் போகிற ஒரு தாய், எட்டு வயதுப் பெண் குழந்தையைக் கூட்டிவந்தார். குழந்தையை எல்லோருக்கும் முன்னால் எடை மேடையில் ஏற்றினேன். எண்ணைச் சத்தமாகப் படித்தேன். "இப்படியா வளர்ப்பீர்கள்" என்று ஒரு வார்த்தை வேறு சொன்னேன். பிறகு அச்சடித்த உணவுப் பட்டியல் ஒன்றைக் கையில் கொடுத்து அனுப்பினேன். அன்று மாலை அறையைப் பூட்டும்போது பார்க்கிறேன், அந்தப் பட்டியல் வெளியே இருந்த பெஞ்சின் அடியில் நான்காக மடிக்கப்பட்டுக் கிடந்தது. அந்தத் தாய் மறுபடி வரவேயில்லை. அதிலிருந்த பண்டங்களில் பாதியை அவர் வாங்க முடியாது, மீதியைச் சமைக்க அவருக்கு நேரம் கிடையாது என்பதைப் புரிந்துகொள்ள எனக்குச் சில வருடங்கள் பிடித்தன. இப்போது என் அறையில் எடை மேடையின் எண் பலகை சுவரைப் பார்த்துத் திரும்பியிருக்கிறது. நான் மட்டும் எட்டிப் பார்த்துக் குறித்துக்கொள்வேன்.

இந்த இடைப்பட்ட காலத்தில் நான் படித்ததில் மனதை விட்டுப் போகாத ஓர் ஆய்வு உண்டு. 1994 முதல் 1998 வரை அமெரிக்காவின் ஐந்து பெருநகரங்களில், வறுமை மிகுந்த அரசுக் குடியிருப்புகளில் பிள்ளைகளோடு இருந்த சுமார் 4,500 பெண்களை வைத்துக் குலுக்கல் போட்டார்கள். சிலருக்கு வறுமை குறைந்த பகுதிக்குக் குடிபோக வாடகை உதவி கிடைத்தது, சிலருக்கு எதுவும் கிடைக்கவில்லை. உணவுப் பட்டியல், உடற்பயிற்சி வகுப்பு எதுவும் கிடையாது. 10, 15 வருடம் கழித்துப் போய்ப் பார்த்தால், நல்ல பகுதிக்குப் போகும் வாய்ப்பு கிடைத்த பெண்களிடம் மிகக் கடுமையான பருமனும் நீரிழிவும் மற்றவர்களைவிடக் குறைவு. 2011-ல் வெளியான முடிவு இது. பெரியவர்களைப் பற்றியதுதான் என்றாலும், எனக்கு அது சொன்னது ஒன்றுதான்: வாய் மட்டும் அல்ல, முகவரியும் எடை போடுகிறது. இங்கிலாந்தில் வருடாவருடம் பள்ளிப் பிள்ளைகளை அளக்கிறார்கள். அங்கே மிக ஏழ்மையான பகுதிகளில் 10, 11 வயதுப் பிள்ளைகளிடம் பருமன், வசதியான பகுதிகளில் இருப்பதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். ஏழைத் தாய்மார்களுக்கு மட்டும் பிள்ளை வளர்க்கத் தெரியவில்லை என்று யாராவது சொன்னால் நான் நம்ப மாட்டேன்.

'மாதக் கடைசியில் அளந்து சாப்பிடுகிறவர்கள்' என்று எழுதியிருந்தீர்கள். முரண்பாடு போலத் தெரிகிறது, ஆனால் விடை அங்கேயேதான் இருக்கிறது. கையில் காசு குறையும்போது வீட்டில் முதலில் நின்றுபோவது எது என்று யோசித்துப் பாருங்கள். பழம், காய்கறி, முட்டை. கடைசிவரை நிற்பது மாவு, எண்ணெய், சர்க்கரை. காரணம் எளிது. அதே காசுக்கு அதிகக் கலோரி கொடுப்பவை அவைதான். அழுகாது, உடனே பசியை அடக்கும். 1995-ல் வில்லியம் டயட்ஸ் என்ற அமெரிக்கக் குழந்தை மருத்துவர், பருமனாக இருந்த ஏழு வயதுச் சிறுமி ஒருத்தியைப் பற்றி மருத்துவ இதழில் எழுதினார். உதவித்தொகை வருவதற்கு முந்தைய நாட்களில் பசி தெரியாமல் இருக்க, கொழுப்பு மிகுந்த உணவுகளை அந்த வீட்டில் கொடுத்துவந்தார்கள். பசியே பருமனைக் கொண்டுவருமா என்று அவர் கேட்டார். அன்றைக்கு அது விசித்திரமான கேள்வி. இன்றைக்கு நகர ஏழைகளிடம் வேலை செய்கிற எந்த மருத்துவருக்கும் அது விசித்திரமாகத் தோன்றாது.

உடம்புக்கும் தட்டுப்பாடு தெரியும். நாலு நாள் குறைத்துச் சாப்பிட்டு ஐந்தாம் நாள் கிடைத்தால், பிள்ளை கொஞ்சம் கூடவே சாப்பிடும். இல்லாத நாளை நினைத்து இருக்கிற நாளில் சாப்பிடுவது பேராசையில்லை. இரவுச் சாப்பாட்டை நிறுத்த வேண்டாம் என்றதும் இதனால்தான். நீங்கள் தடுத்தால் அவன் மனது நாள் முழுக்கச் சாப்பாட்டையே சுற்றிவரும். ஒளித்துச் சாப்பிடவும் கற்றுக்கொள்வான்.

உங்கள் மகள் ஒல்லியாக இருப்பதும் இதே கதையின் மறுபக்கம். ஒரே வீட்டில் ஒரு பிள்ளை மெலிவு, ஒரு பிள்ளை பருமன் என்பதை உலகம் முழுக்க ஏழை நகர்ப்புறங்களில் பார்க்கிறோம். யுனிசெஃப் 2025-ல் வெளியிட்ட அறிக்கைப்படி, 5 முதல் 19 வயதுக்கு உட்பட்டவர்களில் பருமனானவர்கள் 9.4 சதவீதம், எடை குறைந்தவர்கள் 9.2 சதவீதம். பருமன் முந்தியது இதுதான் முதல் தடவை. கலோரி கிடைக்கிறது, சத்து கிடைக்கவில்லை. பருமனான பிள்ளைகளிலேயே பலருக்கு இரும்புச்சத்துக் குறைவு இருக்கும். ஆகவே அவளையும் ஒருமுறை அளந்து பார்க்கச் சொல்லுங்கள். 4, 5 வயதில் பிள்ளைகள் இயல்பாகவே ஒல்லியாகத்தான் தெரிவார்கள். பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. அண்ணனை மெலியவைக்கத் தனிச் சமையல், தங்கையைத் தேற்றத் தனிச் சமையல் என்று மட்டும் பிரிக்காதீர்கள்.

இனி, என்ன செய்யலாம் என்பதற்கு வருகிறேன். பத்து விஷயம் சொன்னால் ஒன்றும் நடக்காது. ஒன்றிலிருந்து தொடங்குங்கள்: அந்த பாட்டில் பானம்.

நெதர்லாந்தில் 5 முதல் 11 வயது வரையிலான 641 பிள்ளைகளுக்கு ஒன்றரை வருடம் தினமும் 250 மி.லி. பானம் ஒன்று கொடுத்தார்கள். பாதிப் பேருக்குச் சர்க்கரை போட்டது, மீதிப் பேருக்குச் சர்க்கரை இல்லாதது. எது யாருக்கு என்று பிள்ளைகளுக்கும் தெரியாது. 2012-ல் முடிவு வந்தது. சர்க்கரைப் பானம் குடித்தவர்கள் சராசரியாக ஒரு கிலோ அதிகம் கூடியிருந்தார்கள். ஒரு நாளைக்கு ஒரே ஒரு டம்ளர், அவ்வளவுதான். குடிக்கிற கலோரியை வயிறு சரியாகக் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. அதற்கு முழு ஈடாகச் சாப்பாட்டில் குறைத்துக்கொள்வதும் இல்லை. 330 மி.லி. கோலா டப்பா ஒன்றில் சுமார் 35 கிராம் சர்க்கரை இருக்கும். 9 வயதுப் பிள்ளைக்கு ஒரு நாள் முழுவதற்கும் சேர்க்கிற சர்க்கரையின் உச்ச வரம்பே ஏறத்தாழ 40 கிராம். அதில் பாதியோடு நிறுத்தினால் இன்னும் நல்லது. பெட்டியில் அடைத்த பழச்சாறும் இந்த விஷயத்தில் யோக்கியமில்லை. படத்தில் பழம் இருக்கிறது, டம்ளரில் இருப்பது பெரும்பாலும் சர்க்கரைத் தண்ணீர்.

தண்ணீருக்கு இருக்கிற சக்தியைக் குறைத்து எடைபோடாதீர்கள். ஜெர்மனியில் எஸ்ஸன், டோர்ட்முண்ட் நகரங்களின் பின்தங்கிய பகுதிகளில் சில தொடக்கப் பள்ளிகளில் குடிநீர்க் குழாய் வைத்து, தண்ணீர் குடிக்கச் சொல்லிக் கொடுத்தார்கள், பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு பாட்டிலும் கொடுத்தார்கள். ஒரு பள்ளி வருடம் முடிவதற்குள், புதிதாகக் கூடுதல் எடைக்குப் போகும் ஆபத்து அந்தப் பள்ளிகளில் 31 சதவீதம் குறைந்திருந்தது. ஆனால் உங்கள் குழாயில் வருகிற தண்ணீரைக் குடிக்க முடியுமா என்பது எனக்குத் தெரியாது. பல வீடுகளில் பிள்ளை பாட்டில் பானம் கேட்பதற்கு முதல் காரணமே, வீட்டுத் தண்ணீர் வாயில் வைக்க முடியாதபடி இருப்பதுதான். அப்படியானால் இரவே கொதிக்கவைத்து, ஆறவைத்து, அவன் கைக்கு எட்டும் இடத்தில் மூடிவையுங்கள். பானத்தை ஒரே நாளில் நிறுத்த வேண்டாம். தினமும் குடிப்பது வாரத்துக்கு இரண்டாகட்டும், பிறகு ஒன்றாகட்டும். அவனுக்கு மட்டும் நிறுத்தி, அப்பா எதிரில் உட்கார்ந்து குடித்தால் எல்லாம் பாழ்.

அடுத்தது நான்கு மணி முதல் எட்டு மணி வரை. உங்கள் வீட்டில் உண்மையான சிக்கல் அந்த நாலு மணி நேரம்தான் என்று நினைக்கிறேன். மதியம் பள்ளியில் சாப்பிட்டவன் நான்கு மணிக்கு நல்ல பசியோடு வருகிறான். நீங்கள் வர எட்டு. நடுவில் சாப்பாடு என்று எதுவும் இல்லை, அதனால் நாலு மணி நேரமும் கொறித்தல். மாமியாரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. கதவைச் சாத்துவது பிள்ளையை வண்டியிலிருந்து காப்பாற்ற. பிஸ்கட் பொட்டலத்தைப் பிரிப்பது அழாமல் வைத்திருக்க. அந்த வயதில் இரண்டு பிள்ளைகளை ஓர் அறைக்குள் வைத்துச் சமாளிக்கிறாரே, அதுவே பெரிய காரியம். அவரிடம் "இனிமேல் எதுவும் கொடுக்காதீர்கள்" என்று சொன்னால் வீட்டில் சண்டைதான் மிஞ்சும். "வந்ததும் ஒரு தட்டு கொடுத்துவிடுங்கள் அத்தை, அப்புறம் ராத்திரிச் சாப்பாடு வரை தண்ணீர் மட்டும்" என்று கேட்டுப் பாருங்கள். நான்கு மணிக்குக் கொறிப்பதற்குப் பதில் நிஜமான சாப்பாடு. காலையில் சமைத்ததில் ஒரு பங்கு எடுத்துவைத்தாலும் போதும்; கூடவே அவித்த பயறோ முட்டையோ இருந்தால் வயிறு வெகுநேரம் தாங்கும். முடிந்தால் உட்கார்ந்து, தட்டில் போட்டு, செல்போன் இல்லாமல். பொட்டலத்திலிருந்து நேராக வாய்க்குப் போகிற எதற்கும் கணக்கு இருக்காது.

எதை, எப்போது கொடுப்பது என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள். எவ்வளவு என்பதை அவன் முடிவு செய்யட்டும். தட்டைக் காலிசெய்யச் சொல்லி அதட்டவும் வேண்டாம், இன்னொரு கரண்டி கேட்டால் "இதுக்குமேலயா?" என்று முகம் சுளிக்கவும் வேண்டாம். இரண்டாவது முறை கேட்கும்போது காயில் இருந்து தொடங்குங்கள், அவ்வளவு போதும். காயைத் தொடவே மாட்டான் என்பீர்கள். பத்து, பன்னிரண்டு தடவை கண்ணில் பட்ட பிறகுதான் பல பிள்ளைகள் ஒரு புதுக் காயை வாயில் வைப்பார்கள். வசதி இருப்பவர் அதுவரை வீணாக்கிக்கொண்டே இருக்கலாம்; உங்களால் முடியாது. அதனால் அவனுக்கென்று தனியாக வைக்காமல் உங்கள் தட்டிலிருந்து ஒரு துண்டு மட்டும் கொடுத்துப் பாருங்கள். தின்னாவிட்டால் நீங்கள் தின்றுவிடலாம்.

செல்போன் பற்றி நிறையப் பேர் நிறையச் சொல்வார்கள். நான் ஒன்று மட்டும் சொல்கிறேன். 1999-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், ஒரு பள்ளியின் 3, 4-ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தொலைக்காட்சி நேரத்தைக் குறைக்க மட்டும் பாடம் எடுத்தார்கள். அந்தப் பள்ளியில் பி.எம்.ஐ. ஏறும் வேகம் குறைந்தது. அந்தப் பிள்ளைகள் திரைக்கு முன்னால் உட்கார்ந்து சாப்பிட்ட வேளைகளும் குறைந்திருந்தன. திரைக்கு முன்னால் கை தானாக வாய்க்குப் போகும், விளம்பரம் அடுத்த பொட்டலத்தைக் கேட்கச் சொல்லும். ஆகவே போனைப் பிடுங்க வேண்டும் என்றில்லை; சாப்பிடும்போதும் படுக்கும்போதும் மட்டும் அது கையில் இருக்கக் கூடாது.

படுக்கை என்றதும், தூக்கம். எடைக்கும் தூக்கத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காத பெற்றோரே இல்லை. 6 முதல் 12 வயதுப் பிள்ளைக்கு 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் தேவை. குறைவாகத் தூங்கும் பிள்ளை கூடுதலாகச் சாப்பிடும். மறுநாள் இனிப்பைத்தான் வாய் தேடும். நீங்கள் எட்டு மணிக்கு வந்து, சமைத்து, ஒன்பதரைக்குச் சாப்பிட்டு, ஓர் அறையில் விளக்கெரிய ஐந்து பேர் படுத்தால் அவன் தூங்கப் பதினொன்று ஆகிவிடும் என்று ஊகிக்கிறேன். இதை முழுதாகச் சரிசெய்ய உங்கள் வீட்டில் சுவர் இல்லை. பிள்ளைகளுக்கு மட்டும் சாப்பாட்டை ஏழரைக்கே பாட்டி கொடுத்துவிட முடியுமா? ஒன்பதரைக்கு ஒரு மூலையில் இருட்டாக்கி, ஒரு புடவையைத் தடுப்பாகக் கட்ட முடியுமா? நான் பார்த்த ஒரு குடும்பம் அப்படித்தான் செய்தது. பிள்ளை அதைத் தன் அறை என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

ஓடியாடுவதற்கு வருகிறேன். ஒரு நாளைக்குச் சராசரியாக 60 நிமிடம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. ஒரே மூச்சில் செய்ய வேண்டும் என்று எங்கும் சொல்லவில்லை. பள்ளிக்கு நடை, படியேற்றம், தங்கையோடு பாட்டுப் போட்டு ஆட்டம், எல்லாம் கணக்கில் சேரும். ஆனால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: ஓடியாடுவதால் மட்டும் எடை அவ்வளவாக இறங்காது. அது இதயத்துக்கு, எலும்புக்கு, தூக்கத்துக்கு, முக்கியமாக அவன் மனதுக்கு. அறைக்குள் அடைபட்ட 9 வயதுப் பையனுக்கு எடை இல்லாவிட்டாலும் அது தேவை. உங்கள் மாடியிலேயே இன்னும் நாலைந்து வீடுகளில் பிள்ளைகள் இதேபோல அடைந்து கிடப்பார்கள். வாரத்தில் இரண்டு நாள், முறைவைத்து ஒரு பெரியவர் எல்லோரையும் கீழே கூட்டிப்போனால் பயம் பாதியாகும். கொலம்பியாவின் பொகோட்டா நகரில் 1974 முதல் ஞாயிற்றுக்கிழமைகளில் முக்கியச் சாலைகளை வண்டிகளுக்கு மூடி, மக்களுக்குத் திறந்துவிடுகிறார்கள். பிரிட்டனில் விளையாட்டுக்காகத் தெருவை மூட 1938-லேயே சட்டம் வந்தது. தெரு வண்டிக்குத்தான் என்று எந்த வேதத்திலும் எழுதியிருக்கவில்லை. இதெல்லாம் நாளைக்கே உங்கள் தெருவில் நடக்காது. ஆனால் மாலை ஒரு மணி நேரம் பள்ளி மைதானத்தைப் பூட்டாமல் வைக்கும்படி நாலு தாய்மார்கள் சேர்ந்து கேட்டால் தலைமை ஆசிரியர் யோசிப்பார்.

'பீப்பாய்' விஷயத்தைச் சாதாரணமாக விடாதீர்கள். கேலியைக் கேட்டுப் பிள்ளை திருந்தி மெலிவான் என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள், படித்தவர்களிலேயே. நடப்பது நேர்மாறு. கேலிக்கு ஆளாகும் பிள்ளைகள் காலப்போக்கில் கூடுதலாகத்தான் எடை போடுகிறார்கள். விளையாட்டு நேரத்தில் ஒதுங்கிக்கொள்கிறார்கள், ஆறுதலுக்கு உணவைத் தேடுகிறார்கள். வகுப்பாசிரியரைப் போய்ப் பாருங்கள். எடையைப் பற்றிப் பேச வேண்டாம், பெயர் வைத்துக் கூப்பிடுவதைப் பற்றி மட்டும் பேசுங்கள். வீட்டிலும் 'குண்டு' என்ற சொல் செல்லமாகக்கூட வேண்டாம். அவன் முன்னால் அவன் எடையைப் பற்றி உறவினர் யாராவது ஆரம்பித்தால், பேச்சை மாற்றுவது உங்கள் வேலை. சீட்டைப் பற்றி அவன் கேட்டால், "உன் உடம்பு வளருது, அதுக்கு நாம எல்லோரும் சில பழக்கத்தை மாத்தப்போறோம்" என்று சொன்னால் போதும்.

மருத்துவரிடம் ஒருமுறை கட்டாயம் காட்டுங்கள். கழுத்தின் பின்புறமோ அக்குளிலோ தோல் கறுத்துத் தடித்து, தேய்த்தும் போகாமல் இருந்தால் சொல்லுங்கள்; அது அழுக்கு இல்லை, உடம்பில் இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதன் அறிகுறியாக இருக்கலாம். தூக்கத்தில் பலமாகக் குறட்டை விட்டு நடுநடுவே மூச்சு நின்று நின்று வருகிறதா, அடிக்கடி சிறுநீர், அடங்காத தாகம், நொண்டி நடப்பது, இடுப்பிலோ முழங்காலிலோ வலி, விடாத தலைவலி, இவையும் தள்ளிப்போடக் கூடாதவை. ரத்த அழுத்தத்தையும் பார்க்கச் சொல்லுங்கள், பிள்ளைகளுக்கு ஏற்ற அளவுப் பட்டையில். அடுத்து நீங்கள் கேட்கப்போவது தைராய்டு. எல்லோரும் கேட்பார்கள். தைராய்டு போன்ற ஹார்மோன் கோளாறால் வருகிற பருமனில் பிள்ளை உயரமும் தடைபடும். உங்கள் மகன் 132 செ.மீ., அந்த வயதுக்கு நடு அளவைத் தொட்டு நிற்கிறான். அதனால் அந்தக் கவலை எனக்குக் குறைவு. ஸ்டீராய்டு, சில வலிப்பு மருந்துகள் எடுத்துக்கொள்கிற பிள்ளை என்றால் அதையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

இவ்வளவும் செய்தாலும், பள்ளி வாசலில் பானமும் பொட்டலமும் தொங்கிக்கொண்டிருக்கும்வரை நீங்கள் ஆற்றுக்கு எதிராக நீந்துகிறீர்கள் என்பது எனக்குத் தெரியும். மெக்சிகோ 2014-ல் சர்க்கரைப் பானங்களுக்கு லிட்டருக்கு ஒரு பெசோ வரி போட்டது. அந்த வருடமே வாங்குவது சராசரியாக 6 சதவீதம் குறைந்தது, ஏழை வீடுகளில் 9 சதவீதம். சிலியில் 2016 முதல் சர்க்கரை, உப்பு, கொழுப்பு மிகுந்த பொட்டலங்களில் கறுப்பு எண்கோண முத்திரை இருக்க வேண்டும், அவற்றைப் பள்ளிக்குள் விற்கக் கூடாது. இது அரசுகள் செய்கிற வேலை, உங்கள் தலையில் இறக்குகிற வேலை அல்ல. ஆனாலும் பெற்றோர் கூட்டத்தில் ஒரு கேள்வி கேட்கலாம்: பள்ளியில் நல்ல குடிநீர் இருக்கிறதா?

மூன்று மாதம் கழித்து அளந்து எனக்கு எழுதுங்கள். வாராவாரம் எடை பார்க்க வேண்டாம். வீட்டில் எடை மேடை வாங்கவும் வேண்டாம். அன்று அவனைச் சுவரோரம் நிறுத்தி முதலில் உயரத்தை அளந்து, பென்சிலால் ஒரு கோடு போட்டு, எத்தனை செ.மீ. கூடியிருக்கிறான் என்று அவனிடம் சொல்லுங்கள். எடையை எனக்கு எழுதினால் போதும்.